டெமெட்ரியஸின் கண்ணில் தங்கிய சாறு

ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் மூன்று பேர் கண்ணில் வசியப் பூச்சாறு பிழியப்படுகிறது: தேவதை அரசி டைட்டானியா, ஏதென்ஸ் இளைஞர்கள் லைசாண்டர், டெமெட்ரியஸ். பொழுது விடிவதற்குள் முதல் இருவருக்கும் மாற்று மூலிகை தடவி வசியத்தை எடுத்துவிடுகிறார்கள். டெமெட்ரியஸுக்கு மட்டும் எடுப்பதில்லை. சாறு கண்ணில் இருக்கும்போதே அவன் ஹெலெனாவை மணக்கிறான். நாடகமும் அப்படியே முடிந்துவிடுகிறது. இந்த நகைச்சுவை நாடகத்தில் மாயத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பார்வையாளரை மயக்குவதற்காகச் சேர்த்த அலங்காரம் அன்று அது. அதை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் ஹெர்மியாவுக்கும் ஹெலெனாவுக்கும் மணமேடையே கிடையாது.

முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்வோம். ஈஜியஸ் தன் மகள் ஹெர்மியாவை ஏதென்ஸ் கோமகன் தீசியஸ் முன் இழுத்து வந்து நிறுத்துகிறான். அவள் லைசாண்டரை விரும்புகிறாள். தகப்பன் கைகாட்டுவது டெமெட்ரியஸை. தகப்பன் சொல்லைக் கேட்காத பெண்ணுக்கு அந்த நாட்டுச் சட்டம் வைத்திருப்பவை இரண்டு: மரணம், அல்லது ஆயுள் முழுதும் கன்னிமாடம். இந்தச் சட்டத்தைத் தளர்த்தத் தன்னாலும் ஆகாது என்று தீசியஸே சொல்லிவிடுகிறான். அதே தீசியஸ் நான்காம் அங்கத்தில், காட்டோரத்தில் காதலர்கள் கண்விழித்த சில நிமிடங்களில், ஈஜியஸின் விருப்பத்தை ஒரே வாக்கியத்தில் தள்ளிவைத்து, தன் திருமணத்தையும் சேர்த்து மூன்று திருமணங்களையும் ஒன்றாக நடத்த உத்தரவிடுகிறான். இடைப்பட்ட ஓர் இரவில் சட்டம் மாறவில்லை. தகப்பன் மனமும் இளகவில்லை. அப்போதும் அவன் தண்டனைதான் கேட்கிறான். டெமெட்ரியஸின் பார்வை ஒன்றுதான் மாறியிருக்கிறது. தனக்கு ஹெர்மியா வேண்டாம் என்று அவன் சொன்னதும் வழக்கே விழுந்துவிடுகிறது. அரசவையால் செய்ய முடியாததை ஒரு சொட்டுச் சாறு செய்துவிட்டது. 1600இல் வந்த முதல் அச்சுப் பதிப்பில், அதன்பின் ஈஜியஸ் வாய் திறப்பதே இல்லை. ஐந்தாம் அங்கத்தில் கேளிக்கை நிகழ்ச்சிகளைக் கோமகனிடம் எடுத்துச் சொல்பவன் ஃபிலாஸ்ட்ரேட் என்ற அரண்மனை அதிகாரி. 1623ஆம் ஆண்டுத் தொகுதியில் அந்த வரிகள் பெரும்பாலும் ஈஜியஸுக்குத் தரப்பட்டிருக்கின்றன. மகளுடைய திருமண விருந்தில் தோற்றுப்போன தகப்பனும் நிற்கிறானா இல்லையா என்பது, இயக்குநர் எந்தப் பதிப்பைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இந்த நாடகம் 1595, 96 வாக்கில் எழுதப்பட்டது என்பது அறிஞர்களின் பொதுவான கணிப்பு. 1598இல் பிரான்சிஸ் மெரஸ் தந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. அந்த இங்கிலாந்தில் மாயம் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. சூனியத்துக்கு எதிராக 1563இல் போட்ட சட்டம் நடப்பில் இருந்தது. மார்லோவின் ஃபாஸ்டஸ் மந்திரத்துக்காக ஆன்மாவையே விற்று நரகத்துக்குப் போனதை லண்டன் மக்கள் மேடையில் பார்த்திருந்தார்கள். மறுபுறம், 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் சூனிய நம்பிக்கைகளைத் தோலுரித்து ஒரு பெரிய நூலே எழுதியிருந்தார். பக் என்று நாம் அறியும் குறும்புத் தேவதை ராபின் குட்ஃபெல்லோ அந்த நூலிலும் வருகிறான். அவனுக்காக வீட்டுப் பெண்கள் பால் எடுத்து வைத்த வழக்கமும் வருகிறது. ஷேக்ஸ்பியர் நரகத்தின் பக்கம் போகவில்லை. பால் கிண்ணத்தின் பக்கம் வந்தார். விடியலைக் கண்டு ஓடும் பேய்களைப் பற்றிப் பக் சொல்லும்போது, நாம் வேறு இனம், காலை வெயிலிலும் உலாவுவோம் என்று தேவதை அரசன் ஓபரான் திருத்துகிறான். மந்திரத்தைப் பாவத்திலிருந்து பிரித்தெடுத்தால்தான் அதை வைத்துச் சிரிக்க முடியும். அதற்கான அனுமதிச் சீட்டு அந்த வசனம்.

சாறு கிடைக்கும் பூவும் வீட்டுத் தோட்டத்துப் பூதான்: ஆங்கிலேயக் கிராமங்களில் தானாக முளைக்கும் காட்டுப் பான்சி. மன்மதனின் அம்பு குறிதவறி அதன்மேல் பட்டதால் வெள்ளைப் பூ ஊதாவானதாம். குறியாக இருந்து தப்பித்த கன்னி அரசி முதலாம் எலிசபெத்தே என்று உரையாசிரியர்கள் கொள்கிறார்கள். ஆக, இந்த மாயத்தின் பிறப்பே ஒரு குறிதவறலில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதும் குறிதவறல்தான்.

அந்தத் தவற்றைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஹெலெனாவை விரட்டியடிக்கும் ஏதென்ஸ் இளைஞன் கண்ணில் சாற்றைப் பிழிந்து வா என்று ஓபரான் பக்கை அனுப்புகிறான். அவன் சொல்லும் அடையாளம் ஏதென்ஸ் உடை ஒன்றுதான். அதே நேரத்தில் வீட்டைவிட்டு ஓடிவந்த லைசாண்டரும் ஹெர்மியாவும் வழி தவறிக் களைத்துப்போய்ப் படுக்க இடம் பார்க்கிறார்கள். லைசாண்டர் அவள் பக்கத்திலேயே தலைசாய்க்கப் பார்க்கிறான். கல்யாணம் ஆகாதவர்கள், தள்ளிப் படு என்று ஹெர்மியா கேட்டுக்கொள்கிறாள். அவனும் மரியாதையாக விலகிப் படுக்கிறான். பக் வந்து பார்க்கும்போது தெரிவது ஏதென்ஸ் உடையில் ஒருவன், அவனுக்கு எட்டத்தில் ஒரு பெண். இரக்கமில்லாத அந்த ஆள் இவன்தான், பயந்துகொண்டு இந்தப் பெண் தள்ளிப் படுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டிச் சாற்றைப் பிழிந்துவிடுகிறான். ஒரு பெண் காத்த நாகரிகமே அவளுடைய காதலைப் பறிகொடுக்கக் காரணமாகிறது. மந்திரத்துக்கு அடையாளம் தெரியும், மனம் தெரியாது. இந்த நாடகத்தில் மாயத்தைப் பற்றி ஷேக்ஸ்பியர் தரும் கூர்மையான விமரிசனம் இது என்பது என் கருத்து.

கண்விழித்த லைசாண்டர் எதிரில் நின்ற ஹெலெனாவிடம் காதல் பேசுகிறான். வசியத்தில் இருப்பவன் உளறுவான் என்றுதான் எதிர்பார்ப்போம். இவனோ தர்க்கம் பேசுகிறான்: மனிதனின் விருப்பத்தை நடத்துவது பகுத்தறிவு, இவ்வளவு நாள் நான் முதிராமல் இருந்தேன், இப்போதுதான் அறிவு பழுத்தது, அது உன்னையே உயர்ந்தவள் என்கிறது! மருந்து வேலை செய்கிறது. வாயோ அறிவின் பெயரைச் சொல்கிறது. இதற்குப் பதில் சொல்வதுபோல் அடுத்த அங்கத்தில், பக் மாட்டிவிட்ட கழுதைத் தலையோடு நிற்கிறான் நெசவாளி பாட்டம். உன்மேல் காதல் கொண்டேன் என்று டைட்டானியா சொன்னதும், அதற்குப் பெரிதாகக் காரணம் இருக்க முடியாதே அம்மா, இந்தக் காலத்தில் அறிவும் காதலும் அதிகம் பழகுவதில்லை என்கிறான். தலை கழுதையினுடையது, பேச்சு நாடகத்திலேயே தெளிவானது. பாட்டத்தின் கண்ணில் யாரும் சாறு பிழியவில்லை என்பதை மறக்கக் கூடாது. தேவதைகளை விழித்த கண்ணால் பார்த்த ஒரே மனிதன் அவன். அவன் பதறவில்லை. அவற்றின் பெயர்களை மரியாதையாகக் கேட்கிறான். ஒன்று தன் பெயர் சிலந்திவலை என்கிறது. விரலில் வெட்டுப்பட்டால் உன்னிடம் வருகிறேன் என்கிறான். காயத்தில் சிலந்திவலை வைத்து இரத்தத்தை நிறுத்தும் கைத்தொழிலாளியின் பேச்சு அது.

டைட்டானியாவின் கதைக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு குறைந்துவிடுகிறது. ஓபரானுக்கும் அவளுக்கும் சண்டை ஓர் இந்தியச் சிறுவனுக்காக. அவனுடைய தாய் டைட்டானியாவின் அடியாள், தோழி. நறுமணம் கமழும் இந்திய இரவுகளில் இருவரும் கடற்கரை மணலில் உட்கார்ந்து வணிகக் கப்பல்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். காற்றில் வயிறு பருத்த பாய்களைப் போலக் கர்ப்பிணியான தோழி தானும் நடந்து காட்டியிருக்கிறாள். பிரசவத்தில் அவள் இறந்துபோகிறாள். அவளுக்காகத்தான் பிள்ளையை வளர்க்கிறேன், அவளுக்காகவே பிரியமாட்டேன் என்கிறாள் டைட்டானியா. நாடகத்தில் மிக நேர்மையான அன்பு இது. இந்தச் சண்டையால் பருவங்கள் குலைந்து, வெள்ளம் வந்து, கதிர் முற்றும் முன்பே அழுகியது என்று அவள் வருந்துவதும் வெறும் கற்பனை இல்லை. 1594 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் கோடை மழையால் விளைச்சல் பொய்த்தது. கேட்டவர்களுக்கு அந்தச் சேறு தெரியும். அப்படிப்பட்டவளிடமிருந்து பிள்ளையைப் பறிக்க ஓபரான் சாற்றைப் பயன்படுத்துகிறான். கழுதைத் தலையன்மேல் மயங்கிக் கிடக்கும் நேரத்தில் பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அவள் தெளிந்து எழுந்த பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இறந்த தோழிக்குக் கொடுத்த வாக்கு மருந்தோடு கரைந்துவிட்டது.

மனிதப் பெண்களுக்கு நேர்வதும் இதே இழப்புதான். சிறு வயதில் ஒரே மெத்தையில் உட்கார்ந்து, ஒரே துணியில் ஒரே பூவைச் சேர்ந்து பின்னினோமே என்று ஹெலெனா ஹெர்மியாவிடம் முறையிடும் பேச்சு, எந்த ஆணும் இந்த நாடகத்தில் பேசும் காதல் வசனத்தைவிட ஆழமானது. சில நிமிடங்களில் ஒருத்தி மற்றவளின் உயரத்தைப் பழிக்க, அவள் நகத்தால் கண்ணைப் பிடுங்க வருகிறாள். அரங்கம் சிரிக்கிறது; சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் சாறு விழுந்தது ஆண்கள் கண்ணில், முறிந்தது பெண்களின் நட்பு. ஜான் காட் என்ற போலந்து விமரிசகர் 1960களில் இந்த நாடகத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டியபோது பலர் முகம் சுளித்தார்கள். மிகைப்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் இருளை அவர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை.

மேடையில் இந்த மாயம் எதனால் ஆனது என்பதும் பேச வேண்டியது. ஷேக்ஸ்பியரின் பொது அரங்குகளில் நாடகம் பிற்பகல் வெயிலில் நடந்தது. நள்ளிரவுக் காட்டைக் காட்ட விளக்குகளும் இல்லை, காட்சித் திரைகளும் இல்லை. நான் கண்ணுக்குத் தெரியமாட்டேன் என்று ஓபரான் சொல்கிறான். அந்தக் கணத்திலிருந்து எல்லார் கண் முன்னாலும் நிற்பவன் மறைந்துவிடுகிறான். சாறு பிழியும்போது வரிகள் குறுகி, இயைபோடு துள்ளும் நாற்சீராக மாறுகின்றன. காதில் விழும் அந்தத் தாளமே மந்திரம். இதற்கு நேர் எதிரில், கோமகனின் திருமணத்துக்கு நாடகம் போட வரும் தச்சன் பீட்டர் குவின்ஸின் கைவினைஞர் குழு. இவர்களுக்குப் பார்வையாளரின் கற்பனையில் நம்பிக்கை இல்லை. நிலவொளிக்காகப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஜன்னலைத் திறந்துவைக்கலாமா என்று யோசித்து, கடைசியில் ஒருவன் கையில் லாந்தரைக் கொடுக்கிறார்கள். சிங்கம் தான் ஸ்னக் என்ற தச்சுத்தொழிலாளிதான் என்று சபையில் அறிவிக்கிறது. மாயம் எப்படிப் பிறக்கிறது என்பதை, அது பிறக்காத ஒரு நாடகத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுகிறார் ஆசிரியர்.

பின்னால் வந்தவர்களில் பலர் இந்தப் பாடத்தை மறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீர்போம் ட்ரீ மேடையில் உயிருள்ள முயல்களை ஓடவிட்டார். 1970இல் பீட்டர் புரூக் வெறும் வெள்ளைப் பெட்டி போன்ற அரங்கில் ஊஞ்சல்களைத் தொங்கவிட்டு, கோலின் நுனியில் சுழலும் ஒரு தட்டையே பூவாக்கினார். தேவதைகள் திரும்பி வந்தார்கள். 2006இல் டிம் சப்பிள் இந்திய, இலங்கை நடிகர்களோடு தயாரித்த நாடகத்தில் ஆங்கிலத்தோடு தமிழும் சிங்களமும் மலையாளமும் இந்தியும் ஒலித்தன. இந்திய நகரங்களில் நடந்த அந்த நாடகம் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் போனது.

டெமெட்ரியஸின் கண்ணை ஏன் கழுவவில்லை? அவன் முன்பு ஹெலெனாவை விரும்பிக் கைவிட்டவன் என்பது முதல் காட்சியிலேயே சொல்லப்படுகிறது. நோயில் வெறுத்த உணவு உடல் தேறியதும் பிடிப்பதுபோல் அவள்மேல் ஆசை திரும்பிவிட்டது என்று விடிந்ததும் அவனே விளக்கம் தருகிறான். சாறு புதிதாக எதையும் புகுத்தவில்லை, பழைய நோயைத்தான் தீர்த்தது என்று இதை வைத்து வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் போதவில்லை. வசியத்தில் லைசாண்டரும் இதே நம்பிக்கையோடுதான் பேசினான். ஹெலெனாவுக்குக் கிடைத்தது மகிழ்ச்சி. அது அவள் அறியாத ஒரு மருந்தின்மேல் நிற்கிறது. இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளச் சொல்லும் துணிவுதான் இந்த நகைச்சுவையை அதன் காலத்து மற்ற காதல் நாடகங்களுக்கு மேலே நிறுத்துகிறது.

தமிழில் இதை மேடையேற்ற நினைக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். தேவதைகளின் உடைக்கும் ஒளிக்கும் செலவழியுங்கள், தவறில்லை. ஆனால் கடைசி அங்கத்தில் ஹெர்மியாவையும் ஹெலெனாவையும் எங்கே உட்காரவைப்பது என்பதை ஒத்திகையின் முதல் வாரத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். கணவன்மார் இருவரும் கைவினைஞர்களின் நாடகத்தைக் கேலி பேசிக்கொண்டிருக்கும் அந்த அங்கம் முழுவதிலும் ஷேக்ஸ்பியர் இந்த இரு பெண்களுக்கும் ஒரு சொல்கூட எழுதவில்லை.