கருவியின் விலையும் படத்தின் விலையும்

யானையை வாங்குவதைவிட அதற்குத் தீனி போடுவதே பெரும்பாடு என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். வீட்டுக்குள் வரும் பொருள்கள் சிலவற்றுக்கு இவ்வுண்மை நன்கு பொருந்தும். படம் எடுத்த சில நிமிடங்களில் அதைத் தாளாகவே கையில் தந்துவிடும் உடனடிப் புகைப்படக் கருவி அத்தகைய ஒன்று. செல்பேசியில் ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து வைத்தும் அவற்றைத் திரும்பிப் பாராத இக்காலத்தில், இளையோர் பலர் இக்கருவியை விரும்பிக் கேட்கின்றனர். பிறந்தநாளுக்கோ முதல் நற்கருணை விழாவுக்கோ பரிசாக அதை வாங்கித் தர எண்ணும் பெற்றோரின் கையிருப்போ அளவானது. எதைப் பார்த்து வாங்குவது என்னும் அவர்களது வினாவுக்கு, இக்கருவியின் வரலாறே தக்க விடை தருகிறது.

1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் எட்வின் லேண்ட் என்னும் அறிவியலாளர் குடும்பத்தோடு விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். 1937இல் போலராய்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர். எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று அவருடைய மூன்று வயது மகள் கேட்டாள். குழந்தையின் கேள்வியை அவர் சிரித்துத் தள்ளிவிடவில்லை. நான்கு ஆண்டுகள் உழைத்து, 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் கூடிய ஒளியியல் அறிஞர் முன்னிலையில் தம் கண்டுபிடிப்பைச் செய்து காட்டினார். 1948 நவம்பர் 26 அன்று பாஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் கருவி விற்பனைக்கு வந்தது. வைத்திருந்தவை அனைத்தும் அன்றே விற்றுத் தீர்ந்தன. விலை ஏறத்தாழ 90 டாலர். அந்நாளைய அமெரிக்கத் தொழிலாளி ஒருவரின் ஒரு வாரக் கூலியைவிட மிகுதி.

இக்கருவி இயங்கும் விதத்தைச் சிறிது அறிந்துகொண்டால், அதன் பொருளாதாரமும் விளங்கிவிடும். பழைய முறையில் பிலிம் சுருளை இருட்டறைக்கு எடுத்துச் சென்று, மருந்துநீரில் கழுவி, பிறகு தாளில் அச்சிட வேண்டும். லேண்ட் அந்த இருட்டறை முழுவதையும் பிலிமுக்குள்ளேயே அடக்கினார். ஒவ்வொரு படத்தோடும் மருந்து நிறைந்த சிறு உறை ஒன்று இருக்கும். படத்தை வெளியே இழுக்கும்போது இரு உருளைகளுக்கிடையே அவ்வுறை நசுங்கி, மருந்து தாள்களின் நடுவே சீராகப் பரவி, உருவத்தைத் தோற்றுவிக்கும். வண்ணப் படமாயின் இன்னும் பல நுண்ணிய அடுக்குகள் தேவை. ஆகவே கருவி எளிய பெட்டியாக இருக்கலாம். பிலிமோ ஒவ்வொன்றும் ஒரு சிறிய வேதியியல் கூடம். கருவி மலிந்தபோதும் பிலிம் மலியாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

கருவி மலிந்த கதையும் சுவையானது. 1965இல் போலராய்டு நிறுவனம் ‘ஸ்விங்கர்’ என்னும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் கருவியை 19 டாலர் 95 சென்ட்டுக்கு வெளியிட்டது. இளைஞர் கூட்டம் அதை விரும்பி வாங்கியது. 1972இல் வந்த எஸ்.எக்ஸ்.-70 என்னும் மடக்குக் கருவி 180 டாலர். பொறியியல் அற்புதம், ஆனால் செல்வர்க்கே உரியது. 1977இல் அதே பிலிமை ஏற்கும் ‘ஒன்ஸ்டெப்’ என்னும் எளிய கருவி ஏறத்தாழ 40 டாலருக்கு வந்து, அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் கேமராவாயிற்று. சவரக் கருவியை மலிவாகத் தந்து, அலகுகளை விற்று ஆதாயம் காணும் வணிகரைப் போன்றதே இந்த ஏற்பாடும். வருவாய் பெரிதும் பிலிமிலிருந்தே வந்தது.

பிலிமையே நம்பி வாழும் கருவிக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. 1976இல் கோடக் நிறுவனம் தன் சொந்த உடனடிக் கருவிகளோடு களத்தில் இறங்கியது. காப்புரிமை மீறப்பட்டதாகப் போலராய்டு உடனே வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு கோடக்கிற்கு எதிராக அமைந்தது. 1986 ஜனவரியில் அந்நிறுவனம் கருவிகளையும் பிலிமையும் நிறுத்த வேண்டியதாயிற்று. 1991இல் 92 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் ஒருவாறு கணக்குத் தீர்த்துக்கொண்டன. ஆனால் அக்கருவிகளை வாங்கியிருந்த கோடிக்கு மேற்பட்ட எளிய மக்கள்? அவர்கள் கையிலிருந்த கருவிகளில் எப்பழுதும் இல்லை. அவற்றில் இடுவதற்குப் பிலிம்தான் இல்லை.

போலராய்டுக்கும் அதே நிலை வந்தது. எண்முறைக் கேமராக்கள் பெருகியபோது, 2001இல் அந்நிறுவனம் நொடித்தது. 2008இல் உடனடிப் பிலிம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அப்போது நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் மூடப்பட்ட தொழிற்சாலையைச் சிலர் மீட்டெடுத்தனர். ‘இயலாத திட்டம்’ என்னும் பொருள்படத் தம் முயற்சிக்கு அவர்கள் பெயரிட்டனர். பழைய வேதிப்பொருள்கள் கிடைக்காமற்போகவே, பிலிமைப் புதிதாகவே வகுக்க நேர்ந்தது. 2010இல் அவர்களது முதல் பிலிம் வெளிவந்தது. 2020 முதல் அம்முயற்சி போலராய்டு என்னும் பழைய பெயரையே தாங்கி நிற்கிறது. ஜப்பானின் ஃபியூஜி நிறுவனமோ 1998இல் ‘இன்ஸ்டாக்ஸ்’ வரிசையைத் தொடங்கி, இடைவிடாமல் நடத்தி வருகிறது.

இவ்வரலாறு உணர்த்தும் முதல் பாடம்: கருவியைப் பார்க்குமுன் பிலிமைப் பாருங்கள். பழைய பொருள் விற்கும் கடையில் கோடக்கின் உடனடிக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கலாம். அது அலமாரிக்கு மட்டுமே அழகு. தாளை உரித்தெடுக்கும் வகைப் பழைய போலராய்டுகளுக்கு ஃபியூஜி செய்துவந்த பிலிமும் 2016இல் நிறுத்தப்பட்டது. போலராய்டு ‘600’ வகைக் கருவிகளுக்கு இன்றும் பிலிம் உண்டு. மின்கலம் அப்பிலிம் பெட்டிக்குள்ளேயே அமைந்திருப்பதால், நல்ல நிலையிலுள்ள பழைய கருவியை நம்பி வாங்கலாம்.

இரண்டாம் பாடம், ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது. இன்ஸ்டாக்ஸ் மினி பெட்டியில் 10 படங்கள். போலராய்டு பெட்டியில் 8 படங்கள். மினி படம் 62க்கு 46 மில்லிமீட்டர் அளவினது. போலராய்டு படம் அதைவிடப் பெரிது, விலையும் மிகுதி. ஒரு பேச்சுக்கு, ஒரு வகையில் படமொன்றுக்கு 60 ரூபாயும் மற்றொன்றில் 150 ரூபாயும் ஆவதாகக் கொள்வோம். மாதம் 10 படம் எடுத்தால், ஆண்டுச் செலவு முதலாவதற்கு 7,200 ரூபாய். இரண்டாவதற்கு 18,000 ரூபாய். இந்த வேறுபாட்டின் முன் கருவியின் விலையில் கிடைக்கும் தள்ளுபடி எம்மாத்திரம்? கடையில் நிற்கும்போதே பிலிம் பெட்டியின் விலையைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது நன்று.

மூன்றாவது, நம் நாட்டு வெயில். போலராய்டு பிலிம் 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்திலேயே செவ்வனே வேலை செய்யும். இன்ஸ்டாக்ஸ் மினி 5 முதல் 40 டிகிரி வரை தாங்கும். மே மாதத்தில் வெட்டவெளித் திருவிழாவில் படமெடுக்க எண்ணுவோர்க்கு இது சிறிய செய்தி அன்று. பிலிமுக்குக் காலாவதி நாளும் உண்டாதலால், மலிவாகக் கிடைக்கிறதென்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவதிலும் பயனில்லை.

ஆகவே, கையிருப்புக் குறைந்தவர்க்குப் பொதுவாக ஏற்றது இன்ஸ்டாக்ஸ் மினியின் எளிய கருவியே. வீட்டில் நல்ல செல்பேசி இருப்பின், அதிலுள்ள படங்களுள் வேண்டியவற்றை மட்டும் அதே பிலிமில் பதித்துத் தரும் சிறு அச்சுக்கருவியையும் எண்ணிப் பார்க்கலாம். பிழையான படத்துக்குப் பிலிம் வீணாகாது. பெரிய படமும் போலராய்டுக்கே உரிய மென்மையான வண்ணமும் வேண்டுவோர், அதன் ஆண்டுச் செலவைத் தாங்க முடியுமா என்று கணக்கிட்ட பிறகு அதை நாடட்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் விலை உண்டு என்று அறிந்தவர் கண்டதையெல்லாம் எடுப்பதில்லை. பாட்டியைத் திண்ணையில் அமர்த்தி, வெளிச்சம் முகத்தில் விழுகிறதா என்று பார்த்து, பேரப்பிள்ளைகளை அருகே நிறுத்தி, ஒரே முறை அழுத்துகிறார். அந்தத் தாள் பாட்டியின் கைக்கே போய்ச் சேர்கிறது. சிக்கனம் கற்றுத்தரும் இந்தக் கவனமே இக்கருவியின் பெரும்பயன். அதை அடைய, விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அடுத்த மாதமும் பிலிம் வாங்க இயலும் கருவியே போதும்.