வெருகின் சிரிப்பு

பூனையின் பல்லைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நகைக்கலாம். பழந்தமிழ்ப் புலவர்கள் அதனை உற்று நோக்கியிருக்கின்றனர். காட்டுப் பூனைக்கு அவர்கள் வழங்கிய பெயர் வெருகு. குறுந்தொகை 220ஆம் பாட்டில், முல்லை அரும்புகளைக் கண்ட ஒக்கூர் மாசாத்தியாருக்கு வெருகின் சிரிப்பு நினைவுக்கு வருகிறது. சிரிப்பு என்றது பல் தெரிதலையே. புறநானூற்று 326ஆம் பாட்டோ பருத்தி நூற்கும் பெண்ணின் வீட்டைக் காட்டுகிறது. இரவில் வெருகுக்கு அஞ்சிப் பேடைக்கோழி கூவுகிறது. பஞ்சுக் குப்பையை நீக்க எழுந்தவளின் சிறுவிளக்கு ஒளியில் சேவலைக் கண்டு அமைதி கொள்கிறது.

பருத்தியும் பூனையும் ஒரே பாட்டில் வருவது திருப்பூர் வட்டாரத்தை அறிந்த எனக்கு வியப்பன்று. பருத்திக்கொட்டை குவிந்த இடத்தை எலி நாடும். எலியை நாடிப் பூனை வரும். எலி பிடிக்கும் பூனைக்குப் பல் தானே தூய்மையாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையை ஒரு தீவின் வரலாறு அசைத்துவிட்டது.

இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் மேரியன் தீவு உள்ளது. அங்குள்ள வானிலை நிலையத்தில் சுண்டெலித் தொல்லையைப் போக்க 1949இல் ஐந்து பூனைகளைக் கொண்டுசென்றனர். 1977இல் அவை ஏறத்தாழ 3,400 ஆகப் பெருகிக் கடற்பறவைகளைச் சூறையாடின. 1991க்குள் அடியோடு ஒழிக்கப்பட்டன. அவற்றின் மண்டையோடுகளை ஆராய்ந்த முடிவு 1996இல் வெளிவந்தது. பற்காறை குறைவுதான், ஆயினும் பாதிக்கு மேற்பட்டவற்றில் பல்லைத் தாங்கும் எலும்பு நோயால் அரிக்கப்பட்டிருந்தது. வேட்டையாடி உண்ட பூனைகளுக்கே அந்நிலை என்றால், பாலும் சோறும் உண்டு திண்ணையில் உறங்கும் நம் பூனைக்குச் சொல்ல வேண்டுமா?

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். நம்மைப் போன்ற சொத்தை அதற்கு அரிது. ஈறே நோயின் இடம். உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈற்றோரம் சிவந்திருந்தாலும், வாய் நாறினாலும், உண்ண வந்து உண்ணாமல் திரும்பினாலும் பல்லை ஐயுறுங்கள். கண்ணேறு என்று மிளகாய் சுற்றுவதால் பயனில்லை.

துலக்குவதற்குத் திருப்பூரில் பஞ்சமில்லாத பொருளே போதும். பனியன் துணித் துண்டை நனைத்து விரலில் சுற்றி, பல்லின் வெளிப்புறத்தை நாள்தோறும் தடவலாம். முதல் சில நாள் உதட்டைத் தொட்டுப் பழக்கினாலே போதும். பொறுமை இழந்தவர் கையில் நகம் பதியும். நம் பற்பசை ஆகாது. பூனைக்கு உமிழத் தெரியாது. கிராம்பு எண்ணெய் நமக்கு மருந்து, அதற்கு நஞ்சு. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் போக்கும்; ஆகவே வலி தீர்க்க அதனைக் கொடுத்துவிடாதீர்கள்.

இறுகிய காறை துணிக்கு அசையாது. மயக்கமருந்து கொடுத்து மருத்துவரே அதனை நீக்க வேண்டும். திருப்பூர் மாவட்டத்தினர்க்கு 2020 முதல் உடுமலைப்பேட்டையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.