ஊவாவின் கோடை இடியும் தோட்ட மக்களும் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு எழுதப் புகுவோர் ஆட்சியாளரையும் சட்டங்களையும் சந்தை விலைகளையும் நோக்குவர். வானத்தை நோக்குவோர் மிகச் சிலரே. ஆயின் மழையை நம்பி வாழும் ஒரு சமுதாயத்தின் வரலாற்றில் வானத்துக்கும் உரிய இடமுண்டு. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் மரபில் வந்த நமக்கு இது புதிய செய்தியன்று. பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் பங்குனி, சித்திரை மாதங்களில் வந்து போகும் கோடை இடிமழை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டத்தின் வருவாயையும் தொழிலாளியின் வாழ்வையும் ஒருங்கே பாதித்து வந்துள்ளது. அம்மழையை அளந்தோர் யாவர், எதன் பொருட்டு அளந்தனர், அளந்ததன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஊவாவின் நில அமைப்பையும் பருவங்களையும் நோக்குதல் பொருத்தமாகும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. அதற்குத் தென்கிழக்கே 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது நமுனுகுல மலை. தெற்கே அப்புத்தளை மலைத்தொடரும் மேற்கே மத்திய மலைநாட்டின் உயர்பகுதியும் அரணாக அமைந்துள்ளன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளிலேயே தன் நீரைப் பொழிந்துவிடுவதால், ஊவாவை அடையும்போது வறண்ட காற்றாக மாறிவிடுகிறது. அவ்வறட்சியே யூலை முதல் செப்டெம்பர் வரையான ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற நறுமணத்தை அளிக்கிறது. எனவே ஊவாவின் நீர்வளம் வடகீழ்ப் பருவக்காற்றையும், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலங்களையும் பெரிதும் சார்ந்துள்ளது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவம் என்றும், ஒக்டோபர், நவெம்பர் மாதங்கள் இரண்டாவது இடைப்பருவம் என்றும் வழங்கப்படுகின்றன.

முதலாவது இடைப்பருவத்தில் நிகழ்வது யாது? ஏப்ரல் மாத முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர்மேலாக நிற்கிறது. அயன இடை ஒருங்கு வலயமும் அக்காலத்தில் தீவைக் கடந்து வடக்கு நோக்கி நகர்கிறது. பெருங்காற்று எதுவும் வீசாத அந்நாட்களில் நிலம் முற்பகலில் வெப்பமேறுகிறது. கரையோரங்களிலிருந்து கடற்காற்று உள்நாட்டை நோக்கி வருகிறது. ஈரம் செறிந்த காற்று மலைச்சரிவுகளில் மேலெழுகிறது. காலையில் தெளிந்திருந்த வானில் நண்பகலுக்குப் பின்னர் முகில்கள் கோபுரம்போல உயர்ந்து கருமைகொள்கின்றன. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடி முழங்கி, மின்னல் வெட்டி, சிறிது நேரத்துக்குள் பெருமழை கொட்டித் தீர்த்து, இரவில் வானம் மீண்டும் தெளிகிறது. இலங்கையில் மின்னல் மிகுதியாகப் பதிவாகும் மாதம் ஏப்ரல் ஆகும்.

இம்மழையை அளக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில் வானிலை அவதானிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டபோது பதுளையும் அவற்றுள் ஒன்றாயிற்று. அதன் மழைப் பதிவுகள் 1869ஆம் ஆண்டளவிலிருந்து கிடைக்கின்றன. அதே 1869ஆம் ஆண்டிலேயே ஊவாவின் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில் இலைத்துரு நோய் முதன்முதலாக அறியப்பட்டது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கோப்பிச் செடிக்குக் கோடைமழை இன்றியமையாதது. வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையிலேயே அது பூக்கும். நோய்க்கும் அதே ஈரமே துணைசெய்தது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர், இலையில் நீர்த்துளி நின்றாலன்றி இந்நோயின் வித்திகள் முளைப்பதில்லை என்பதை நிறுவினார். பூவை மலர்வித்த மழையே அதனைத் தாங்கிய செடியின் அழிவுக்கும் வழிசெய்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கோப்பி மறைந்து தேயிலை மலைகளை நிறைத்தது.

இம்மாற்றம் மனிதருக்கும் வானிலைக்கும் இடையிலிருந்த உறவையும் மாற்றியமைத்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருள் பெரும்பாலானோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டிய பயிர். ஆகவே, தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேறின. பங்குனி மாதத்து முதல் இடியும் ஐப்பசி மாதத்துப் பெருமழையும் அவர்களுடைய வாழ்வின் நிலையான பகுதிகளாயின. 1886ஆம் ஆண்டில் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, தெமோதரை, அப்புத்தளை, கொஸ்லந்தை எனத் தோட்டங்கள் விரிந்தன.

தோட்ட நிருவாகங்கள் நாள்தோறும் மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்து வந்தன. உரமிடுவதற்கும், கவ்வாத்து வெட்டுவதற்கும், கன்று நடுவதற்கும், கொழுந்தின் அளவை முன்கூட்டிக் கணிப்பதற்கும் அக்குறிப்பு வேண்டப்பட்டது. சுருங்கக் கூறின், மழை அளக்கப்பட்டது செடியின் பொருட்டே. செடிக்கு நடுவே நிற்பவரின் பாதுகாப்புக்கென அது அளக்கப்பட்டதாகக் கொள்வதற்கில்லை. தொழிலாளியின் வாழ்வில் மழை வேறொரு கணக்கில் பதியப்பட்டது. மழையால் வேலை தடைப்பட்ட நாளில் அவருக்கு விழுந்தது அரைப்பேர். மழைக்கும் குளிருக்குமாக வழங்கப்பட்ட கம்பளியின் விலையும் அவரது சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் நாட்கூலியை வரையறுத்ததாயினும், வானம் இருண்ட பிற்பகலில் மலையிலிருந்து இறங்குவதா, நிற்பதா என்பதை முடிவு செய்யும் உரிமை கொழுந்து பறிப்பவரின் கையில் இருக்கவில்லை.

இங்கு ஒரு முக்கிய பொருத்தத்தைக் கருதுதல் வேண்டும். கோடைமழை பெய்தவுடன் தேயிலை துளிர்த்துக் கொழுந்து பெருகும். ஏப்ரல், மே மாதங்களில் இலங்கையின் தேயிலை உற்பத்தி உச்சத்தை அடைகிறது. அதாவது, மின்னல் மிகுந்த காலமும் மலையில் அதிகக் கைகள் தேவைப்படும் காலமும் ஒன்றே. மின்னல் மிகுந்த நேரமாகிய பிற்பகலும், மாலை நிறுவைக்கு முன் கூடையை நிரப்பவேண்டிய நேரமும் ஒன்றே. திறந்த சரிவில், இடுப்பளவுச் செடிகளுக்கு நடுவே, ஆங்காங்கே தனித்து நிற்கும் நிழல்மரங்களுக்கு அருகில் பெண்கள் வேலைசெய்கின்றனர். மழைக்கு ஒதுங்க அவர்களுக்கு அருகிலுள்ளது பெரும்பாலும் மரநிழலே. மின்னலின்போது அதனினும் தீங்கானது வேறில்லை.

கொழும்பு அவதான நிலையம் 1907இல் நிறுவப்பட்டது. வளிமண்டலவியல் திணைக்களம் 1948இல் தனித் திணைக்களமாயிற்று. இன்று அத்திணைக்களம் மும்மொழிகளிலும் எதிர்வுகூறல்களை வெளியிடுகிறது. இடைப்பருவ காலத்தில் ஊவா மாகாணத்தின் பெயர் அவ்வறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும். பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும், கடும் மின்னலும் தற்காலிகப் பலத்த காற்றும் ஏற்படலாம் என அவை எச்சரிக்கும். பாதுகாப்பான கட்டடத்துள் இருக்குமாறும், மரங்களின் கீழ் நிற்காதிருக்குமாறும், வயல்வெளி, தேயிலைத் தோட்டம், நீர்நிலை முதலிய திறந்த இடங்களைத் தவிர்க்குமாறும் அவை அறிவுறுத்தும். அறிவியல் நோக்கில் இவ்வறிவுரை முற்றிலும் சரியானதே. ஆயின் தேயிலைத் தோட்டத்தைத் தவிர்க்குமாறு தேயிலைத் தோட்டத்திலேயே தொழில் செய்பவரிடம் கூறும்போது, அவ்வறிவுரைக்குச் செயல்வடிவம் கொடுக்க வேண்டியவர் யார் என்ற வினா எழுகின்றது. வேலை நேரத்தை மாற்றும் அதிகாரம் உடையவர் செவிசாயாதவரை, எதிர்வுகூறல் எத்துணைத் துல்லியமாயினும் கூடை சுமப்பவருக்கு அது ஒரு செய்தியாக மட்டுமே நின்றுவிடும்.

இரண்டாவது இடைப்பருவத்தின் வரலாறு இவ்வுண்மையை மேலும் கொடிய முறையில் உணர்த்துகிறது. 1986ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைப் பலிகொண்டன. அதன் விளைவாக, 1984இல் உருவான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கும் பணியைத் தொடங்கிற்று. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரில் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றரில் வெளியேற்றம் எனப் படிநிலைகளும் வகுக்கப்பட்டன. செடிக்காக அளக்கப்பட்ட மழை இவ்வாறு முதன்முறையாக மனிதருக்காகவும் அளக்கப்படலாயிற்று.

எனினும் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மண்ணுள் புதைத்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினர். வீட்டிலிருந்த பெற்றோரை அவர்கள் இழந்தனர். அவ்விடம் ஆபத்தானது, மக்கள் அகற்றப்பட வேண்டும் என 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவெம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் பெரிதும் பாதிக்கப்பட்டது. மழையளவும் வரைபடமும் எச்சரிக்கையும் இருந்தும் மக்கள் ஏன் அங்கேயே வாழ்ந்தனர் என்று வினவுவோர் உளர். விடை வானிலையில் இல்லை. நில உரிமையில் இருக்கின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்குமிடையே பிரித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோதும், 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் லய அறை தொழிலுடன் பிணைந்ததாகவே இருந்தது. தனக்கென ஒரு துண்டு நிலமில்லாதவர் ஆபத்தான இடத்தை விட்டு எங்குச் செல்வார்? அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியுடன் தனி வீடுகளும் இந்திய உதவியுடனான வீடுகளும் சிலவிடங்களில் கட்டப்பட்டுள்ளமை வரவேற்கத்தக்கதே. எனினும் இன்னும் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன.

இதுகாறும் கூறியவற்றால், ஊவாவின் மழைக்கு நீண்டதொரு பதிவு உண்டு என்பதும், அப்பதிவு தேயிலைச் செடிக்கு உதவிய அளவுக்கு அதனைப் பறிப்பவருக்கு உதவவில்லை என்பதும் புலனாகும். இக்குறையை நீக்கச் செய்யத்தக்கவை சில உள. இடைப்பருவ மாதங்களில் பிற்பகல் வேலையை முற்பகலுக்கு மாற்றுதல், மலைகளில் மின்னற்காப்புடைய ஒதுங்கிடங்களை அமைத்தல், வானிலை எச்சரிக்கை வந்தவுடன் பேர் குறையாமல் தொழிலாளரை இறக்குதல் என்பன தோட்ட நிருவாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசி முடிவு செய்யத்தக்கவை. பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள மழைக் குறிப்பேடுகளையும், நமுனுகுல மலையில் முகில் கட்டும் முறையைக் கண்டு மழையைக் கணிக்கும் முதியோரின் பட்டறிவையும் ஒருசேரத் தொகுத்தல் வேண்டும். புவியியல் மாணவரும் வரலாற்று மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து செய்யக்கூடிய பணி இது. மலையக மக்களின் வரலாற்றை எழுத முற்படும் எவரும், சம்பளப் புத்தகத்தோடு மழைப் புத்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டு எழுதுவாராயின், அவ்வரலாறு நிறைவுடையதாக அமையும்.