விலையில்லா மடிக்கணினிக்குள் இருந்த இன்னொரு வாசல்

போன பொங்கலுக்கு கொற்கையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பரணை ஒதுங்க வைக்கும்போது அக்கா மகள் ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 2012இல் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது.

"பேட்டரி செத்துப் போச்சு மாமா. எடைக்குப் போட்டுரட்டா?"

"போடலாம். மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துருவோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு அதில் விண்டோஸைவிட இன்னொன்றின் மேல்தான் கண்.

இன்றைக்குப் பலருக்கும் மறந்துபோன விஷயம் இது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதலில் வந்த கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மற்றொன்று பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். ஆன் செய்ததும் ஒரு பட்டியல் வரும். அம்புக்குறி விசையை நகர்த்தி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். நான் முதல்முறை லினக்ஸ் போட்டபோது, விண்டோஸ் போய்விடுமோ என்று பயந்து பயந்து செய்த வேலை அது. இங்கே அதையே அரசு லட்சக்கணக்கான கணினிகளில் செய்து, பதினேழு வயதுப் பிள்ளைகள் கையில் கொடுத்தது.

இது திடீரென்று முளைத்த யோசனை இல்லை. சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ், 2007இலேயே வெளிவந்துவிட்டது. அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அங்கே உள்ள கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார்கள். மேல்நிலைப் பள்ளிக் கணினி அறிவியல் பாடநூலில் மாணவர்கள் படித்ததும் எம்.எஸ். ஆபீஸ் அல்ல, ஸ்டார் ஆபீஸ். 2014 ஏப்ரலில் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியபோதும், அரசுத் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு.

இவ்வளவு இருந்தும் ஏன் நிற்கவில்லை? "பசங்களுக்கு லினக்ஸ் பிடிக்கல" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். பாதி உண்மை. கல்லூரி லேபில் டர்போ சி, பிரவுசிங் சென்டரில் விண்டோஸ், பள்ளியில் பாஸைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஆனால் மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் ஒரு வேடிக்கையான கட்டுப்பாடு உண்டு: டெஸ்க்டாப் வால்பேப்பரை மாற்ற முடியாது. புதுக் கணினி வாங்கிய பிள்ளை முதலில் செய்ய நினைப்பதே அதைத்தானே? நான் பார்த்தவரை, உடனே பக்கத்து டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போவார்கள். அங்கே ஒரு திருட்டு விண்டோஸ் அல்டிமேட் டிவிடி இருக்கும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். அந்தக் காலத்து வட்டுகளின் முதல் 512 பைட்டுக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்று பெயர். அதில் 446 பைட்டு தொடக்க நிரல், 64 பைட்டு பகிர்வு அட்டவணை, 2 பைட்டு அடையாளம். இரண்டு இயங்குதளங்களையும் பட்டியல் போட்டுக் காட்டும் குரப் நிரலின் முதல் துண்டு அந்த 446 பைட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினால், ஒரு வார்த்தை கேட்காமல் தன் நிரலை அதே இடத்தில் எழுதிவிடும். லினக்ஸ் பகிர்வைத் தொடாது. ஆனால் அதற்குப் போகிற வழி போய்விடும். லினக்ஸின் கோப்பு முறைமையை விண்டோஸுக்குப் படிக்கவும் தெரியாது. ஆக, வட்டில் பாஸ் அப்படியே இருக்கும், கணினியின் சொந்தக்காரருக்கு மட்டும் அது இல்லை.

இதற்கு உலக அளவில் ஒரு முன்கதை உண்டு. 1990களின் கடைசியில் ஹிட்டாச்சி நிறுவனம் சில கணினிகளில் விண்டோஸோடு பீ.ஓ.எஸ். என்ற இயங்குதளத்தையும் சேர்த்து விற்றது. ஆனால் தேர்ந்தெடுக்கும் பட்டியலை எடுத்துவிட்டது. மைக்ரோசாப்டின் உரிம நிபந்தனைகள்தான் காரணம் என்று பீ நிறுவனம் 2002இல் வழக்குப் போட்டது. தவறை ஒப்புக்கொள்ளாமலே மைக்ரோசாப்ட் 2003இல் 2 கோடியே 32.5 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அங்கே ஒப்பந்தத்தால் நடந்தது என்று சொல்லப்பட்டது, இங்கே ஒரு டிவிடியால் நடந்தது. கடைக்காரப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனிடம் கேட்டது விண்டோஸ். அவன் அதைக் கொடுத்தான்.

கொற்கையில் உட்கார்ந்து இதை யோசிக்கும்போது வேறொன்றும் தோன்றியது. இந்த ஊர் பாண்டியரின் முத்துத் துறைமுகம்; கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதி வைத்த ஊர். யாரும் படையெடுத்து இந்தத் துறைமுகத்தை மூடவில்லை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனது, கப்பல் காயலுக்குப் போனது. ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்று கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே சில கிலோமீட்டர் போக வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். சார்ஜரை ஒட்டவைத்து, பென் டிரைவில் இருந்த லினக்ஸில் கணினியைத் தொடங்கி, பகிர்வுப் பட்டியலைப் பார்த்தேன். விண்டோஸ் பகிர்வுகளுக்குப் பின்னால் 83 என்ற எண்ணோடு ஒரு வரி. லினக்ஸ் பகிர்வுக்கான எண் அது. பாஸ், பதின்மூன்று வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. ஹோம் அடைவில் ஒரே ஒரு கோப்புறை. திறந்தேன். யாரோ கேமராவில் எடுத்த கல்யாணப் படங்கள், ஒரு நாற்பது இருக்கும்.

அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "ஆச்சி படம்லா இது! கடையில அழிச்சுட்டாங்கன்னு அன்னைக்கு எவ்ளோ அழுதேன் தெரியுமா மாமா?"

"அழிக்கலம்மா. வழியத்தான் அடைச்சிருக்காங்க."

படங்களை அவள் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். பிறகு குரப்பை மறுபடி நிறுவினேன். இப்போது ஆன் செய்தால் பட்டியலில் இரண்டு பெயரும் வருகிறது. எடைக்குப் போடும் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் அந்தக் காலத்து மடிக்கணினி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன்னால் ஒருமுறை இப்படித் திறந்து பாருங்கள்.