தாலாட்டு

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டி 'ரா ரா', 'லு லு லு' என்று ஒலியெழுப்பிப் பிள்ளையைத் தூங்க வைப்பதால் தாலாட்டு. தொட்டிலை ஆட்டுவதால் வந்த பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. தொட்டில் இல்லாமல் மடியில் போட்டும் பாடலாம். நாக்கு ஆடாமல் பாட முடியுமா? தென்மாவட்டங்களில் இதையே ராராட்டு, ஓராட்டு என்றும் சொல்வார்கள்.

வாய்மொழியாக இருந்ததை ஏட்டில் ஏற்றிய முன்னோடி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வார்தான். கண்ணனைத் தொட்டிலில் இட்டு அவர் பாடிய பாசுரங்களில் 'தாலேலோ' திரும்பத் திரும்ப வரும். பிரம்மன் மாணிக்கமும் வயிரமும் பதித்த பொன்தொட்டில் அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி தருகிறான். சாமிக்கே சீர்வரிசை! பிற்காலப் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்களில் மூன்றாவது, தாலப்பருவம்.

ராஜபாளையம் பக்கத்து வீட்டுத் தாலாட்டுகளில் பிரம்மனுக்கும் இந்திரனுக்கும் வேலையில்லை. பழைய நூல்சேலையை உத்தரத்தில் தூளியாகக் கட்டி ஆட்டும்போது, காப்பும் கொலுசும் கொண்டுவருவது தாய்மாமன். கூடவே கிளி, மயில், குயில், மலை, மழை எல்லாம் பாட்டுக்குள் வந்துபோகும். மாமன் சீர் வைக்கத் தவறினால் குத்தலும் அதே பாட்டில் விழும்.

இந்தப் பாட்டு வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்ததைக் கைப்பேசியிலாவது பதிந்து வையுங்கள்.