வரையப்பட்ட துறைமுகமும் வரையும் மாணவரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கோட்டைகளின் வரலாறாகவும் கப்பற்படைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியமை, 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றியமை, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியமை, 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமை ஆகியன பலரும் அறிந்தவை. ஆயின் இத்துறைமுகத்துக்குப் பிறிதொரு வரலாறும் உண்டு. அது பார்வையின் வரலாறாகும். இத்துறைமுகத்தை யார் வரைந்தனர்? எதற்காக வரைந்தனர்? அதன் கரையில் வாழும் மக்களின் பிள்ளைகள் அதனைத் தம் கண்ணால் நோக்கி வரைவதற்கு வழி எவ்வாறு பிறந்தது? இவ்வினாக்களைப் பாடசாலைச் சித்திர வகுப்பின் வரலாற்றோடு இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலாதிக்க நாடுகளைப் பொறுத்தவரையில் வரைதல் என்பது கலை மட்டுமன்று, தொழிற்கருவியுமாகும். கப்பலோட்டிகள் கரையை அடையாளங் காண்பதற்காக மலைமுகடுகளையும் கோட்டைகளையும் கோயில்களையும் வரைந்து கடற்படங்களில் இணைத்தனர். இதன் பொருட்டே படையதிகாரிகளுக்கு வரைதல் கற்பிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூல்விச் இராணுவக் கல்லூரியில் போல் சான்பி என்னும் புகழ்பெற்ற ஓவியர் வரைதல் ஆசிரியராகப் பணியாற்றினார். துறைமுகத்தை வரைந்தவன் அதனை ஆளவும் காக்கவும் தாக்கவும் வேண்டிய அறிவைப் பெற்றான்.

1808இல் சாமுவேல் டானியல் இலங்கையைப் பற்றிய பன்னிரண்டு வண்ணப் படங்களைக் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டார். அதில் திருகோணமலைத் துறைமுகக் காட்சியும் இடம்பெற்றது. அழகிய படைப்பு அது என்பதில் ஐயமில்லை. எனினும் அது தொலைவிலுள்ள வாசகருக்காகத் தொலைவிலிருந்து வந்த ஒருவர் வரைந்த காட்சியாகும். கரையிலே வலை இழுப்பவன் அத்தகைய படங்களில் நிலக்காட்சியின் ஓர் உறுப்பாகவே தோன்றுவான். அவன் நோக்கிலே கடல் எவ்வாறு இருந்தது என்பதை அவை கூறமாட்டா.

ஆங்கிலேயராட்சியில் பாடசாலைகளுக்கு வந்த சித்திரபாடமும் இந்நிலையை மாற்றவில்லை. 1850களில் இலண்டனின் தென் கென்சிங்ரனை மையமாகக்கொண்டு உருவான வரைதற் பயிற்சிமுறை இருபத்துமூன்று படிநிலைகளைக் கொண்டது. கோடு, வடிவியல் உருவம், சுண்ணச் சிலை என்பவற்றைப் பார்த்துப் பிரதிசெய்வதே அதன் அடிப்படை. தொழிற்சாலைகளுக்கு வேண்டிய கைத்திறனாளரை உருவாக்குதல் அதன் முதல் நோக்கமாகும். குடியேற்ற நாடுகளிலும் இம்முறையின் செல்வாக்குப் பரவியது. அதில் மாணவனின் கை பயின்றது, கண் பயிலவில்லை. தன் வீட்டு வாசலிற் கிடக்கும் தோணியைக் காணாது, எவரோ வரைந்த கிண்ணத்தைப் பிரதிசெய்வதே திறமையெனக் கொள்ளப்பட்டது. ஆங்கிலக் கல்வி இந்நாட்டு மக்களைத் தம் சொந்தக் கலைகளுக்கே அந்நியராக்கிவிட்டது என ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன்மையாகக் கண்டித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இதே காலப்பகுதியில் ஐரோப்பாவிலேயே மாற்றுச் சிந்தனை தோன்றிவிட்டது. வியன்னா நகரில் பிரான்ஸ் சிசெக் 1897இல் சிறுவர்க்கான கலை வகுப்பொன்றைத் தொடங்கினார். குழந்தையின் படம் வளர்ந்தோரின் படத்தினது குறைப்பிரதியன்று. தனக்கென ஒழுங்கும் நியாயமும் உடையது என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தில் டட்லி நகரப் பெண்கள் உயர்நிலைப் பாடசாலையில் 1912 முதல் கற்பித்த மரியன் றிச்சர்ட்சன், மாணவியர் கண்களை மூடியிருக்க ஒரு காட்சியைச் சொல்லால் விவரிப்பார்; மனத்திரையில் எழுந்ததை அவர்கள் பின்னர் தீட்டுவர். பிரதிசெய்வதற்கு முன்னால் எதுவும் இல்லாதபோது மாணவி தன் நினைவையும் அனுபவத்தையுமே நாடவேண்டியவளாகிறாள். படைப்பாற்றல் வளர்ச்சியின் திறவுகோல் இதுவே எனலாம்.

இலங்கையில் இத்தகைய மாற்றத்துக்கு வித்திட்டவர் 1920இல் சித்திரக் கல்வி அதிகாரியாக வந்த சீ.எவ். வின்சர் ஆவார். அவர் உள்ளூர்ச் சூழலிலிருந்து மாணவர் வரைவதை ஊக்குவித்தார். இளம் ஓவியர்களுக்கும் ஆதரவளித்தார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்ற டபிள்யூ.ஜே.ஜி. பீலிங், 1943இல் தோன்றிய '43 குழு'வின் உறுப்பினராகவும் விளங்கினார். தமிழ்ப் பகுதிகளில் வின்சரின் நெறியைப் பரப்பியவருள் தலையாயவர் எஸ்.ஆர். கனகசபை. வடபகுதியின் சித்திரக் கல்வி அதிகாரியாக இருந்த அவர், 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். சித்திராசிரியர்கள் தாமே ஓவியராக இயங்கவேண்டும் என்னும் எண்ணம் இக்கழகத்தின் வழி வேரூன்றியது. தான் வரையாத ஆசிரியன் பிறரை வரையத் தூண்டுதல் அரிது.

இம்மாற்றம் குடியேற்ற ஆட்சியின் அதிகாரி ஒருவர் வாயிலாகவே வந்தது என்பது வரலாற்றின் முரண். எனவே அதுவும் இரவற் பொருளே என வாதிடுவோர் உளர். ஆனால் முறை எங்கிருந்து வந்தது என்பதைவிட, அம்முறை மாணவனை எதனை நோக்கித் திருப்பியது என்பதே முதன்மையானது. பிரதிசெய்யும் முறை அவனை ஊருக்கு வெளியே திருப்பியது. புதுமுறை அவனை ஊருக்குள் திருப்பியது.

இவ்விடத்து மாணவனின் வளர்ச்சியைச் சற்று நுணுகி நோக்குதல் பொருத்தமாகும். விக்ரர் லோவன்பெல்ட் 1947இல் வெளியிட்ட ஆய்வில் வரைதலின் வளர்ச்சியைப் பருவங்களாக வகுத்தார். சிறு குழந்தை கிறுக்குகிறது. ஏழு வயதையொட்டி வீட்டுக்கும் மரத்துக்கும் மனிதனுக்கும் நிலையான வடிவங்களை அமைத்துக்கொள்கிறது. பன்னிரண்டு வயதை அடையும்போது தன் படம் உண்மைப் பொருளை ஒத்திருக்கவில்லை என்ற குறை அதற்குப் புலப்படுகிறது. அக்குறையுணர்வே பலரைத் தூரிகையைக் கைவிடச் செய்கிறது. பதினான்கு வயதுக்குப் பிந்திய பருவமே தொடர்வதா விடுவதா என மாணவன் தீர்மானிக்கும் பருவமாகும்.

இலங்கைக் கல்விமுறையில் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம்வரை அழகியற் பாடமொன்றைக் கற்றல் கட்டாயம். பத்தாந் தரத்தில் அது விருப்பத் தெரிவாகிறது. அதாவது, ஊக்கமும் நுட்பமும் மிகுதியாக வேண்டப்படும் அதே வேளையிற்றான் பெரும்பாலான மாணவர் சித்திர அறையை விட்டு வெளியேறும் வாயில் திறக்கப்படுகிறது. தொடர்வோர்க்குப் பரீட்சைப் புள்ளியும் ஓர் அச்சமாகிறது. இந்நிலையில் ஆசிரியரின் பணி இரண்டு: ஒளி, நிழல், தூரநோக்கு முதலிய நுட்பங்களைக் கற்பித்தல் ஒன்று, எதனை வரைவது என்னும் துணிவை வழங்குதல் மற்றொன்று.

திருகோணமலை மாணவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்க. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள், பத்திரகாளி அம்மன் கோயிலின் வண்ணச் சிற்பங்கள், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் நீலமாய்த் தெரியும் மூதூர்க் கரை, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், கரைவலை இழுப்போரின் வளைந்த முதுகுகள் ஆகியன அனைத்தும் அவன் அன்றாடங் காண்பவை. தூரநோக்கு விதியைப் பாடநூலின் நேர்வீதிப் படத்தாற் கற்பதிலும், சுவாமிமலையிலிருந்து கீழே கடலை நோக்கிக் கற்பது எளிது. அவ்வாறு கற்கும்போது நுட்பமும் ஊரும் ஒன்றாகவே அவனுக்கு வசமாகின்றன. 1950இல் இந்நகரிற் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட வெண்கலத் திருவுருவங்களும் அவனுக்குரிய மரபே. சிகிரியாவையும் பொலன்னறுவையையும் கற்கும் மாணவன் தன் ஊர் மண்ணிலிருந்து எழுந்த சோமாஸ்கந்த வடிவத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

வகுப்பறை எத்துணை ஆற்றலுடையது என்பதற்கு யாழ்ப்பாணத்து அ. மாற்கு சிறந்த சான்றாவார். 1933இற் பிறந்து, கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்ற அவர், தம் வாழ்நாளைச் சித்திராசிரியராகவே கழித்தார். 1959ஆம் ஆண்டளவில் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை உருவாக்கினார். பாடசாலைக்கு வெளியிலும் இளைஞரைத் தம்மிடம் வரவழைத்துப் பயிற்றினார். அவர் தம் பாணியைப் பிறர்மேற் சுமத்தவில்லை என்பதற்கு அவரிடம் பயின்ற வாசுகி, நிலாந்தன், சனாதனன் முதலியோரின் படைப்புகள் ஒன்றையொன்று ஒவ்வாதிருத்தலே சான்று. மாற்குவைப் பற்றி 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்னும் நூல் வெளிவந்தது. ஆனால் போரும் 1995இன் பேரிடப்பெயர்வும் அவருடைய படைப்புகள் பலவற்றை அழித்தன. அவர் 2000ஆம் ஆண்டிற் காலமானார். படங்கள் அழிந்தன, அவரிடம் பயின்ற கண்கள் எஞ்சின.

போர்க்காலத்திற் சித்திரம் வீண் பொழுதுபோக்கன்றோ என்னும் வினா எழலாம். இதற்குக் கிழக்கிலங்கையே விடை கூறியுள்ளது. 1996இல் மட்டக்களப்பில் அமைக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவரை ஓவியத்தின் வழியும் கதையின் வழியும் ஒன்றிணைத்தது. சொல்லமுடியாததை வரைய முடியும் என்பதை அது காட்டியது. மூவின மக்களும் வாழும் திருகோணமலை மாவட்டம் போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையையும் அனுபவித்தது. கடலை அன்னையாகவும் அச்சமாகவும் ஒருங்கே அறிந்த பிள்ளைகள் தீட்டும் கடல், டானியல் கண்ட கடலன்று.

இன்று மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் கட்புலக் கலையைப் பட்டப்படிப்பாகவே பயிலலாம். ஆயினும் அவ்வாயிலை அடைவதற்கு முன் கடக்கவேண்டியது பாடசாலைச் சித்திர அறையே. அவ்வறையின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. அதற்குரிய சான்றுகளோ ஆண்டுதோறும் அழிகின்றன. பரீட்சை முடிந்ததும் மாணவர் படங்கள் கட்டிவைக்கப்பட்டுக் கறையானுக்கு இரையாகின்றன. அல்லது பழந்தாளாக விற்கப்படுகின்றன. அந்நியர் தீட்டிய துறைமுகக் காட்சிகள் அரும்பொருளகங்களிற் பேணப்படும்போது, துறைமுகத்தின் பிள்ளைகள் தீட்டியவை பேணப்படாமை நியாயமன்று.

முடிவாக நோக்குமிடத்து, ஒவ்வொரு பாடசாலையும் ஆண்டொன்றுக்குச் சில படங்களையேனும் வரைந்தவரின் வயதும் ஆண்டும் குறித்துப் பாதுகாத்தல் வேண்டும். செலவு சிறிது, பயனோ பெரிது. ஒருபுறம் மாணவன் தன் படைப்பு மதிக்கப்படுகின்றது என்னும் துணிவைப் பெறுவான். மறுபுறம் வருங்கால வரலாற்றாசிரியன், கோட்டை மதிலிலிருந்து நோக்கிய திருகோணமலையோடு கரையிலிருந்து நோக்கிய திருகோணமலையையும் ஒப்பிட்டு எழுதுவான். அன்றே இத்துறைமுகத்தின் வரலாறு நிறைவு பெறும்.