பெருந்துறைப் பண்ணைக் குடும்பங்களின் நில ஆவணங்கள்

ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்தில் தோட்டமும் காடுமாகப் பெருநிலம் வைத்திருந்த குடும்பங்களின் உடைமையைக் காட்டும் பட்டயங்கள், பட்டாக்கள், பத்திரங்கள், கிராமக் கணக்குகள் ஆகியவற்றைக் குறிப்பது. 1979-இல் ஈரோடு மாவட்டம் பிரியும்வரை இவ்வட்டாரம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் பகுதிகளைப் போல ஒரே எல்லைக்குள் அடங்கிய பெரும்பரப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஒரே குடும்பத்தின் நிலம் நாலைந்து கிராமங்களில், வெவ்வேறு புல எண்களில் பிரிந்து கிடக்கும். ஆகவே ஒரு பண்ணையின் முழு உருவத்தை எந்த ஒரு ஏடும் காட்டாது. பல கணக்குகளைக் கூட்டித்தான் அதைப் பார்க்க முடியும்.

காணியும் பட்டயமும். பெருந்துறை அடங்கிய, மரபாக 24 நாடுகளாகப் பிரிக்கப்பட்ட கொங்கில் நில உரிமை முதலில் குலத்தின் உரிமையாக, காணியாட்சியாக எழுதப்பட்டது. எந்த ஊரில் எந்தக் குலத்துக்குக் காணி, எந்தக் கோயிலில் முதன்மை என்பதைச் செப்பேடுகளும் ஓலைப் பட்டயங்களும் பதிந்து வைத்தன. ஈரோட்டில் வாழ்ந்த புலவர் செ. இராசு இவற்றை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்துப் பதிப்பித்தார். அந்த உழைப்பு நடக்காமல் போயிருந்தால் கொங்கின் நில வரலாறு கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில்தான் தொடங்கியிருக்கும்.

ரயத்துவாரி. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு கும்பினி ஆட்சிக்கு வந்தது. வடபகுதி மெக்லியோட், தென்பகுதி ஹர்டிஸ் என்ற கும்பினி அதிகாரிகளின் பொறுப்பில் இருந்து, 1804-இல் இரண்டும் கோயம்புத்தூர் மாவட்டமாக இணைந்தன. பாராமகாலில் ரீடும் மன்றோவும் உருவாக்கிய ரயத்துவாரி முறை இங்கும் பரவியது. குலத்தின் பெயர் இருந்த இடத்தில் தனி ஆளின் பெயர் வந்தது. அவர் பட்டாதாரர், ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டுதோறும் அவர் பெயரில் தீர்வை. சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு என்று இன்றும் தாலுகா அலுவலகத்தில் கேட்கிற கணக்குகளெல்லாம் இந்த முறையின் வழி வந்தவை.

தோட்டம் என்பது இங்கே கிணறு உள்ள நிலம். கிணறு இல்லாதது காடு. மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை பூட்டிப் பயிர் செய்த தோட்டத்துக்கு நெடுங்காலம் தனித் தீர்வை, அதுவும் காட்டைவிடக் கூடுதலாக இருந்தது. பாறையை உடைத்து நீர் கண்டவன் அதற்கே வரி கட்டினான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நிலவரித் திட்டத்தில் இது நீங்கியது. அக்காலத்து மாவட்டத்தை அறிய எப்.ஏ. நிக்கல்சன் எழுதி 1887-இல் வெளியான கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு இன்றும் முதன்மையான நூல்.

பத்திரங்கள். 1860-களில் பதிவுத்துறை வந்தபின் குடும்பத்தின் கதை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நகர்ந்தது. இந்த ஆவணங்களில் மிகவும் உயிருள்ள பகுதி பாகப்பிரிவினைப் பத்திரங்களே. நிலத்தை நான்கெல்லை சொல்லிப் பிரித்துவிடலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. எனவே கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், எந்த முறையில் யார் இறைப்பது, பிற்காலத்தில் மோட்டாரும் மின் இணைப்பும் யாருக்கு, வாய்க்கால் யார் நிலத்தின் வழியே போகும், வண்டித்தடம் எத்தனை அடி அகலம், வரப்பில் நிற்கும் பனையும் வேம்பும் யாருடையவை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அண்ணன் தம்பி உறவு எந்த இடத்தில் இறுகிப்போனது என்பதைத் தடப் பாத்தியம் பற்றிய பத்தியே சொல்லிவிடும்.

பவானிசாகரும் உச்சவரம்பும். 1955-இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தது. 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டில் மானாவாரிக் காடாக இருந்த நிலங்கள் பாசனத்துக்குள் வந்தன. எந்த மதகில் பாய்கிறது என்பதும் நிலத்தின் அடையாளத்தில் சேர்ந்துகொண்டது.

பாசனத்தால் நில விலை ஏறிய அதே காலத்தில் 1961-ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரையறுத்தது. 1970-இல் அது 15 ஆனது. தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்குக் கிடைத்த விலக்கு கிணற்றுத் தோட்டத்துக்கு இல்லை. 1960 ஏப்ரல் 6-க்கும் 1962 அக்டோபர் 2-க்கும் இடையே எழுதிய பாகப்பிரிவினையும் கிரயமும் சட்டத்தின் நோக்கத்தைக் குலைப்பவையாக இருந்தால் செல்லாதவை என அறிவிக்கலாம். அதனால் இக்காலப் பத்திரத்தைப் படிப்பவர் தேதியை முதலில் பார்க்க வேண்டும். பெண்ணின் சீதன நிலமாக 10 தர ஏக்கர் வரை தனியே வைக்க இச்சட்டம் இடம் கொடுத்தது. கணக்குக்காக எழுதப்பட்ட பெயர் என்றாலும் அது பெண்ணின் பெயர்தான். மணமாகாதிருந்த மகளுக்குப் பிறப்புரிமையாகச் சமபங்கு 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தத்தால் வந்தது. பங்கு வந்தபின் அதை உடன்பிறந்தவனுக்கே எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களும் வந்தன. சட்டம் கொடுத்ததை உறவு திரும்ப வாங்கிக்கொண்டதற்கு அவை சாட்சி.

கணக்குப்பிள்ளைக்குப் பின். கணக்குப்பிள்ளை எனப்பட்ட பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். 1979 முதல் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் ஏக்கர் கணக்கை ஹெக்டேராக்கியது. இறந்தவர் பெயரில் கிடந்த பல பட்டாக்களை நேராக்கியது. அப்போது தவறாக ஏறிய பெயர்களுக்காக இன்னும் கோட்டாட்சியர் முன்பும் மாவட்ட வருவாய் அலுவலர் முன்பும் மனுக்கள் நிற்கின்றன.

இடம்பெறாதவர்கள். அமெரிக்கத் தென்மாநிலப் பருத்திப் பண்ணைகளின் ஏடுகளில் அடிமைகள் உடைமைப் பட்டியலில் பெயரோடு எழுதப்பட்டார்கள். அந்தக் கொடிய பட்டியலிலேயே இன்று பேரப்பிள்ளைகள் முன்னோரைத் தேடுகிறார்கள். பெருந்துறைத் தோட்டங்களில் தலைமுறையாக உழுது, இறைத்து, மாடு மேய்த்த அருந்ததியர் பண்ணையாட்களுக்கு நில ஆவணத்தில் அந்தத் தடமும் இல்லை. ஆண்டுக் கூலியும் முன்பணமும் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. அடங்கலில் பயிரின் பெயர் உண்டு, பயிரிட்ட கையின் பெயர் இல்லை. 1969-இல் குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. பண்ணையாள் குத்தகைதாரர் அல்லர் என்பதால் அந்தப் பதிவேடும் அவரை எட்டவில்லை. 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வந்த பஞ்சமி நிலப் பட்டாக்களிலும், ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காக நிலம் எடுக்க வழிசெய்த 1978-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வழங்கிய மனைப்பட்டாக்களிலும்தான் உழைத்த குடும்பங்களின் பெயரை நிலத்தோடு சேர்த்துக் காண முடிகிறது. பண்ணையின் வரலாற்றை எழுத முனைபவர் மூலப்பத்திரத்தோடு இந்த மனைப்பட்டாப் பதிவேட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.